ஜப்பானியர் ஊதும் கண்ணாடி



தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வராத நாட்களை நினைவில் வைத்திருப்போர் உங்களில் பலர் இருப்பீர்கள். பொழுது சாய்வதற்கு முன்பே மண்ணெண்ணெய் விளக்கை எடுத்து, திரியை வெட்டி, கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட வேண்டும். கண்ணாடி துடைப்பது பிள்ளைகளின் வேலை. அந்தக் குறுகிய கழுத்துக்குள் பெரியவர்களின் கை நுழையாது என்பதுதான் காரணம். அடுப்புச் சாம்பலும் பழைய துணியும் கொண்டு துடைப்போம். சூடு ஆறுமுன் ஈரத்துணி பட்டால் 'டக்' என்று விரிசல் விடும். அப்படி ஒருமுறை நம் கையிலேயே உடைந்தது. கடைக்காரரிடம் பற்று எழுதி மறு கண்ணாடி வாங்கும்வரை வீட்டில் பேச்சு வாங்கினோம்.

அந்த விளக்குக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சிலவற்றில் அரிசி மணியைவிடச் சிறிய காற்றுக் குமிழி ஒன்று தெரியும். அது எப்படி உள்ளே போயிற்று என்று நாம் கேட்டதுண்டு. யாரும் பதில் சொன்னதில்லை. காலையில் மரத்தடியில் துடைத்து வைத்த பால் மங்குகளிலும் முன்பு கண்ணாடியால் ஆனவை இருந்தன. ஆனால் அவை அச்சில் அழுத்தி வார்க்கப்பட்டவை. விளக்குக் கண்ணாடியின் கதை வேறு. அது ஊதிச் செய்யும் வகையைச் சேர்ந்தது. பழைய பட்டறைகளில் யாரோ ஒரு தொழிலாளி நீண்ட குழலின் முனையில் வாயை வைத்து ஊதி அதை உருவாக்கினார்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, அந்த ஊதும் தொழில் ஜப்பானில் எப்படி ஒரு கலையாக நிலைபெற்றது என்பதைப் பற்றி. ஜப்பான் என்றதும் நம் முதியோர் சிலர் முகம் சுளிப்பது நமக்குத் தெரியும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரம் பேர். திரும்பாதவர்களின் குடும்பங்கள் மலாக்காவிலும் உண்டு. அதை மறந்துவிட்டுப் பேசவில்லை. பட்டாளம் செய்ததற்குப் பட்டறையில் உழைத்தவனைப் பொறுப்பாக்க நமக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் போரில் அவன் உலையும் எரிந்துபோனதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் தொழிலின் முறையைச் சொல்லிவிடுவோம். வெண்மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சாதாரணக் கண்ணாடி. இவற்றை உலையில் இட்டு 1,300 பாகை சென்டிகிரேடுக்கும் மேலான சூட்டில் உருக்கினால், பாகு காய்ச்சினாற்போல ஒரு குழம்பு கிடைக்கும். பிறகு சூட்டைச் சற்றுக் குறைத்து, ஏறக்குறைய 1,100 முதல் 1,200 பாகையில் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். இரும்புக் குழலின் முனையை அதில் விட்டுச் சுழற்றினால், தேன் குச்சியில் ஒட்டுவதுபோலக் குழம்பு ஒட்டிக்கொள்ளும். குழலைச் சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினாலும் அது ஒருபக்கமாகத் தொங்கிவிடும். ஆகவே வேலை முடியும்வரை சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊதுவதற்குப் பலத்த மூச்சு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சிறிது ஊதி, உடனே குழலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்வார்கள். உள்ளே அகப்பட்ட காற்று சூட்டினால் தானே விரிந்து, குழம்புக்குள் முதல் குமிழியை உண்டாக்கும். பிறகு மறுபடி சூடேற்றுவதும், ஊதுவதும், இடுக்கியால் கழுத்தைக் குறுக்குவதுமாக வேலை நடக்கும். ஜப்பானியர் அந்த இடுக்கியை 'ஹாஷி' என்கிறார்கள். அவர்கள் சோறு உண்ணும் குச்சிக்கும் அதே பெயர்தான். உருண்டையைத் தடவி வடிவம் கொடுப்பதற்கு, மடித்து நனைத்த செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொள்வார்கள். ஆயிரம் பாகைச் சூட்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இருப்பது அந்த ஈரக் காகிதம் மட்டுமே! நீராவி ஒரு மெல்லிய மெத்தைபோல நின்று கையைக் காக்கிறது.

வடிவம் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பாத்திரத்தை ஏறக்குறைய 500 பாகையில் இருக்கும் வேறோர் அடுப்பில் வைத்து, இரவு முழுவதும் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால், வெளிப்புறம் முதலில் ஆறிச் சுருங்கும், உட்புறம் சுருங்காது. அந்த இழுபறியில் பாத்திரம் வெடித்துவிடும். நம் விளக்குக் கண்ணாடி ஈரத்துணி பட்டு விரிந்ததும் இதே காரணத்தால்தான். உருக்கும் உலையையோ எளிதில் அணைத்துவிட முடியாது. பட்டறை நடக்கும் காலமெல்லாம் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். கித்தாத் தாள் காயும் புகைக்கூட்டுக்கு இரவில் விறகு தள்ளியவர்களுக்கு அந்தக் காவலின் சிரமம் புரியும்.

இந்தக் கதைக்கும் நம் மலாக்காவுக்கும் ஓர் உறவு உண்டு. ஊதிச் செய்யும் முறை சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் கிறிஸ்துவுக்கு முந்திய கடைசி நூற்றாண்டில் தோன்றியது. அதைக் கிழக்குக் கோடியில் இருந்த ஜப்பான் நெடுங்காலம் தன் தொழிலாகக் கொள்ளவில்லை. ஆனால் கண்ணாடி மணிகள் அங்கே முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் செய்ததைப் போன்ற, குழம்பைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்த சிறு மணிகள், ஜப்பானின் பழங்காலப் புதைகுழிகளில் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் செய்யப்பட்ட இந்த வகை மணிகளை ஆய்வாளர்கள் 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று அழைக்கிறார்கள். மலாக்கா என்றொரு நகரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே நடந்த வாணிபம் இது.

பிறகு போர்த்துக்கீசியர் வந்தனர். 1511-இல் மலாக்கா அவர்கள் வசமாயிற்று. முத்துக்குளித்துறையில் பரதவரிடையே தொண்டு செய்த பிரான்சிஸ் சேவியர், 1547-ஆம் ஆண்டின் இறுதியில் இந்த ஊரில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அவர் சொன்ன செய்திகளைக் கேட்டு, 1549-இல் மலாக்காவிலிருந்தே கப்பலேறி, ஆகஸ்டு 15-ஆம் நாள் ககோஷிமாத் துறைமுகத்தில் இறங்கினார். 1551-இல் யாமகுச்சியின் தலைவருக்கு அவர் கொடுத்த பரிசுகளில் மணிக்கூடும், முகம் பார்க்கும் கண்ணாடியும், மூக்குக்கண்ணாடியும் இருந்தன. போர்த்துக்கீசியர் கண்ணாடியை 'விட்ரோ' என்பர். ஜப்பானியர் நாவில் அது 'பீதோரோ' ஆயிற்று. நம் உஜோங் பாசிர் போர்த்துக்கீசியக் குடியிருப்பில் கிறிஸ்தாங் பேசும் முதியோர் கண்ணாடியை 'பிட்ரு' என்கிறார்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஐரோப்பியக் கப்பல்கள் வந்த நாகசாகியில் ஊதும் தொழில் வேரூன்றியது. அங்கே 'பொப்பென்' என்றொரு விளையாட்டுப் பொருள் செய்தார்கள். அடிப்பக்கம் காகிதம்போல் மெல்லியதாக ஊதப்பட்ட சிறு குப்பி அது. மெல்ல ஊதினால் அடிப்பக்கம் உள்ளும் வெளியும் அசைந்து 'பொப்பென், பொப்பென்' என்று ஒலிக்கும். ஒரு பெண் அதை ஊதுவதாக உதாமரோ என்ற ஓவியர் வரைந்த படம் உலகப்புகழ் பெற்றது. 1955-இல் அதை அஞ்சல்தலையாகவும் வெளியிட்டார்கள்.

சேவியர் இறங்கிய ககோஷிமா, சத்சுமா என்னும் நாட்டின் தலைநகரம். முந்நூறு ஆண்டு கழித்து அதே ஊரில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1846-இல் சத்சுமாவின் பிரபு மருந்து தயாரிக்கும் வேலையைத் தொடங்கினார். காரமான அமிலங்களைத் தாங்கும் குப்பி வேண்டியிருந்தது. எனவே எதோ நகரிலிருந்து, அதாவது இன்றைய தோக்கியோவிலிருந்து, ஒரு கண்ணாடித் தொழிலாளியை வரவழைத்தார். பிரபுவின் மகன் ஷிமாசு நரியாகிரா 1851-இல் பட்டத்துக்கு வந்ததும் அந்தச் சிறு பட்டறையைப் பெரிதாக்கினார். நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். தெளிந்த கண்ணாடியின் மேல் வண்ணக் கண்ணாடியைத் தடிப்பாகப் போர்த்து ஊதி, ஆறிய பின் சக்கரத்தில் சாய்வாக வெட்டினார்கள். வெட்டு ஆழமாகப் போகப்போக வண்ணம் வெளுத்து, விடியற்கால வானம்போலப் படிப்படியாக மாறும். செம்பைக் கலந்து சிவப்பு நிறம் கொண்டுவந்தார்கள். உலையின் நெருப்பும் காற்றும் சரியான பதத்தில் இல்லாவிட்டால் செம்பு சிவப்பைத் தராது. பச்சையாகவோ பழுப்பாகவோ போய்விடும்.

நரியாகிரா 1858-இல் காலமானார். 1863-இல் பிரிட்டிஷ் கப்பற்படை ககோஷிமாவைச் சுட்டது. ஆலை பாழாயிற்று. 1877-இல் நடந்த உள்நாட்டுப் போரோடு தொழில் அடியோடு நின்றுபோனது. செய்தவர்கள் சிதறினார்கள், செய்முறை அவர்களோடு போயிற்று. 1985-இல் ககோஷிமாவில் அதை மீட்க முயன்றபோது கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கைகூட உயிரோடில்லை. எஞ்சிய பழைய பாத்திரங்களை அளந்து, வெட்டுகளின் சாய்வைப் பார்த்து, நிறத்துக்கு மீண்டும் மீண்டும் உருக்கிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு நடந்த தொழில் நூற்றுச் சொச்சம் ஆண்டு ஊமையாகக் கிடந்தது.

மெய்ஜி காலத்தில் அரசாங்கம் மேல்நாட்டு முறையில் ஆலை வைத்தது. 1876-இல் ஷினகாவா கண்ணாடி ஆலை அரசின் கைக்கு வந்து, ஆங்கிலேயத் தொழில்வல்லோரைக் கொண்டு பயிற்சி தந்தது. பயின்றவர்கள் பிரிந்து சென்று போத்தல், விளக்கு என்று ஊருக்கு ஊர் பட்டறை வைத்தார்கள். இவையெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கான தொழில். கலை என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அந்தப் பேச்சைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் இவாதா தோஷிச்சி. 1931-இல் சொந்த ஆலை வைத்தார். அவர் மகன் ஹிசதோஷியும் மருமகள் இதோக்கோவும் அவ்வழியில் நின்றனர். அவர் ஆலையில் சிறிது காலம் வேலை செய்து 1949-இல் வெளியேறிய ஒருவர் ஃபுஜிதா கியோஹேய். இவர் பொன் தகடு பதித்த கண்ணாடிப் பேழைகளை 1973 முதல் செய்தார். அச்சுக்குள் ஊதிய கண்ணாடியின் மேல் பொன்னும் வெள்ளியும் பொரிந்து பரவி, பழைய அரக்குப் பேழைபோலத் தோற்றமளிக்கும். பேழைக்குள் என்ன வைப்பது என்று கேட்டால் கனவை வையுங்கள் என்பாராம், கவிஞர் பேச்சு! 2002-இல் அவருக்கு ஜப்பானின் கலாசார விருது கிடைத்தது. மத்சுஷிமாவில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலை 1996 முதல் இருக்கிறது.

இந்த மாறுதலுக்குப் பின்னால் உலக அளவில் வேறொரு காரணமும் இருந்தது. நெடுங்காலம் ஆலையில் ஒருவர் காகிதத்தில் வரைவார், மற்றொருவர் ஊதுவார். வரைந்தவர் பெயர் நிற்கும், ஊதியவர் பெயர் எங்கும் வராது. 1962-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஹார்வி லிட்டில்டன் என்ற ஆசிரியர், தனியொருவர் வைத்து நடத்தக்கூடிய சிறு உலையைச் செய்து காட்டினார். அதன்பிறகு நினைப்பவரும் ஊதுபவரும் ஒரே ஆளாக இருக்க வழி பிறந்தது. ஜப்பானிலும் அந்தக் காற்று வீசியது. நீஜிமா என்ற சிறு எரிமலைத் தீவில் நோதா ஒசாமு என்ற கலைஞர் 1988-இல் ஒரு நிலையம் திறந்தார். அத்தீவின் கல்லை உருக்கினால் சாயம் எதுவும் சேர்க்காமலேயே இளம்பச்சைக் கண்ணாடி வருகிறது.

ஆனால் நம் மனத்தைத் தொட்டவை கலைஞர்களின் பெயர்களைவிட மூன்று ஊர்களின் கதைகள்.

முதலாவது ஹொக்கைதோத் தீவின் ஒதாரு. மீன்பிடித் துறைமுகம். அங்கே கண்ணாடிக்காரர்கள் இரண்டு பொருள் ஊதினார்கள்: மண்ணெண்ணெய் விளக்கு, மீன்வலையை மிதக்க வைக்கும் கண்ணாடி உருண்டை. மின்சாரம் வந்ததும் விளக்கு போயிற்று. பிளாஸ்டிக் வந்ததும் உருண்டை போயிற்று. கடலில் அறுந்துபோன அந்த உருண்டைகள் நீரோட்டத்தில் பசிபிக்கைக் கடந்து இன்றும் அலாஸ்காக் கரையில் ஒதுங்குவதுண்டு. ஒதாருவில் ஒரு கண்ணாடி நிறுவனம், மீன் வாணிபத்துக்காக 1891-இல் கட்டப்பட்ட கற்கிடங்கை எடுத்து, 1983-இல் கடையாகத் திறந்தது. உள்ளே ஒரு கூடத்தில் 167 மண்ணெண்ணெய் விளக்குகள். நாள்தோறும் காலையில் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுகிறார்கள். சுற்றுலா வியாபாரம் என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். நாமோ, அத்தனை கண்ணாடியையும் யார் துடைக்கிறார்களோ என்றுதான் நினைத்தோம்.

இரண்டாவது தொயாமா. அந்த ஊர் மருந்து வியாபாரிகள் வீடு வீடாக மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்போது, பயன்படுத்தியதற்கு மட்டும் பணம் வாங்குவார்கள். தோட்டத்துக் கடைப்பற்று போன்ற நம்பிக்கை வியாபாரம். மருந்துக்குப் புட்டி வேண்டும். ஆகவே புட்டி ஊதும் பட்டறைகள் பெருகின. 1945 ஆகஸ்டு முதல் நாள் இரவு அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் நகரம் அநேகமாக முழுவதும் எரிந்தது. போருக்குப் பின் பிளாஸ்டிக் புட்டி வந்து, மிஞ்சியதையும் அழித்தது. பட்டறைகள் மூடப்பட்டன.

இங்கேதான் நகராட்சி ஒரு காரியம் செய்தது. 1985-இல் பொதுமக்களுக்குக் கண்ணாடி வகுப்பு தொடங்கியது. 1991-இல் முழுநேரக் கண்ணாடிக் கலைக்கழகம் ஒன்றைத் தன் பொறுப்பில் நிறுவியது. படித்து முடித்தவன் எங்கே போய் ஊதுவான்? தனியாக உலை வைக்கப் பணம் ஏது? அதற்காக 1994-இல் உலைகளோடு கூடிய பொதுப் பட்டறையைக் கட்டியது. 2015-இல் கண்ணாடிக் கலைக் காட்சிசாலையும் திறந்தது. ஆணும் பெண்ணும் வெளிநாட்டினரும் அங்கே வந்து பயில்கிறார்கள். வகுப்பு, உலை, காட்சிசாலை மூன்றும் வந்து சேர முப்பது ஆண்டு ஆயிற்று. அந்த முப்பது ஆண்டில் நகர மேயர்கள் மாறினார்கள், திட்டம் மாறவில்லை. நம் பக்கத்தில் ஒரு திட்டம் எத்தனை தேர்தலுக்குத் தாங்கும் என்பதை நேயர்களே சொல்லட்டும்.

மூன்றாவது ஒகினாவா. 1945-இல் அங்கே நடந்த போர் தீவையே சுட்டெரித்தது. முன்பு விளக்கும் போத்தலும் ஊதிக்கொண்டிருந்தவர்களுக்கு மூலப்பொருள் இல்லை. ஆனால் அமெரிக்கப் படைத்தளங்களின் குப்பைமேட்டில் கோக்கோ கோலா போத்தலும் பீர் போத்தலும் மலைபோலக் கிடந்தன. அவற்றைக் கழுவி, உடைத்து, உருக்கினார்கள். பீர் போத்தல் பழுப்பாகவும், கோலா போத்தல் வெளிறிய பச்சையாகவும் வந்தன. ஒரு வகையோடு மற்றொரு வகையைக் கலக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருங்குவதால் ஆறும்போது வெடிக்கும். ஆகவே நிறம் பார்த்துப் பிரிப்பதே பாதி வேலை. எவ்வளவு கழுவினாலும் அழுக்கு எஞ்சி, கண்ணாடிக்குள் குமிழியாக நிற்கும். முறைப்படி பார்த்தால் அது குற்றம். ஆலையில் என்றால் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிடும் நிலையில் அவர்கள் இல்லை. தடிப்பாகவே ஊதினார்கள், குமிழியோடே விற்றார்கள். போத்தலை வீசிய படையினரே அதைக் கிண்ணமாக விலைகொடுத்து வாங்கிப் போனார்கள். 1972-இல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பிய பின் உள்நாட்டுப் பயணிகளும் வாங்கினர். 1998-இல் அது மாநிலத்தின் மரபுக் கைத்தொழிலாக அறிவிக்கப்பட்டது. இன்று புது மூலப்பொருளிலும் செய்கிறார்கள், ஆனால் குமிழியை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள்!

இப்படிப் பிழைத்தவை சில. பிழைக்காத பட்டறைகள் அவற்றைவிடப் பல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அணையாத உலை உள்ள சிறு பட்டறைக்காரருக்கு வயிற்றில் புளி கரைகிறது.

இந்தச் செய்திகளைத் திரட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் மலாக்கா நகருக்குக் குடிவந்த ஒரு பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் வேலை செய்த கித்தாக் காட்டில் இப்போது செம்பனை நிற்கிறது. முப்பத்திரண்டு ஆண்டு மரம் வெட்டியவர். பட்டையில் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். உளி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், பால் நின்றுவிடும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு மரம். அந்தக் கைக்கு இப்போது என்ன வேலை என்று கேட்டோம். "என்னா வேலை இருக்கு, பேரப்புள்ளைக்குக் காய்கறி நறுக்குறேன்" என்று சிரித்தார். பிறகு உள்ளே போய், பழைய துணியில் சுற்றி வைத்திருந்த உளியை எடுத்து வந்து காட்டினார். துருப்பிடிக்கவில்லை. வாரம் ஒருமுறை தீட்டி வைப்பாராம். எதற்கு என்று கேட்கவில்லை. பேரன் மட்டும், "எப்படி வெட்டுவீங்க ஆயா, காட்டுங்க" என்றான். கொல்லையில் வெட்டிப் போட்டிருந்த வாழைத்தண்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, மேலிருந்து கீழாகச் சரிவாக ஒரு கோடு இழுத்தார். ஒரே கனத்தில், நடுவில் அறாமல், சுருள் கீழே விழுந்தது.